அம்மாவின் குரலில் வரும் மருந்து

இந்த மண்டபத்தில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். அம்மாவின் வீட்டில் ஒரு வாயாவது சாப்பிடாதவர் நம் உறவில் இல்லை. ஆகவே அம்மாவின் நல்ல குணங்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அம்மா எப்படிப் போனார் என்பதை உங்களில் பலர் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். காலில் ஒரு புண். அந்தப் புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டிய ஓர் இலை. மீதிப் பாதியையும் இந்த முதலாமாண்டு நினைவு நாளில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த இலை இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

அம்மா நிபோங் திபாலை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தார். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் பால்மரம் சீவியவர்கள். மூத்தவர் பெரிய மாமா, அடுத்தது அம்மா, கடைக்குட்டி சித்தி. அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். சித்தி பிறந்ததும், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அம்மா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்குப் படிப்பு வராதுன்னு யாரும் சொல்லல. நேரம் வரல, அவ்வளவுதான்" என்பார்.

ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டத்து ஆட்கள் பல திசைகளுக்கும் போனார்கள். அம்மா பினாங்குத் தீவுக்கு வந்து, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். திருமணத்துக்குப் பிறகும், அண்ணனும் நானும் பிறந்த பிறகும், கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே விடியுமுன் வந்து நிற்கும் ஃபேக்டரி பஸ்ஸில்தான் அம்மாவின் நாள் தொடங்கியது. அப்பா லோரி ஓட்டினார். இப்போது மருத்துவம் அது இது என்று நாம் பேசுகிறோமே, அந்தக் காலத்தில் அம்மாவுக்குத் தலைவலி வந்தால்கூட அது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

அம்மாவின் வேலை என்னவென்று உறவுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஃபேக்டரியில் "செக்கிங்" என்று மட்டும் சொல்வார். உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றின் கீழே சிறிய பச்சை மின்சுற்றுப் பலகைகளை வைத்துப் பார்த்து, பழுதுள்ளதை ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பலகையையும் இரண்டு பேர் பார்ப்பார்கள். முதலில் பார்த்தவர் என்ன எழுதினார் என்பதை இரண்டாமவர் பார்க்கக் கூடாது. முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அம்மா இரண்டாமவர். கண் வலிக்கும் நேரத்தில் சிலர் அந்தச் சீட்டை லேசாகத் திருப்பிப் பார்த்து அதையே எழுதிவிடுவார்களாம். அம்மா செய்ததில்லை. "அவ எழுதினதப் பாத்து நான் எழுதறதுக்கு நான் எதுக்கு? அவளே ரெண்டு தடவ எழுதிக்கட்டும்" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னதாக எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். இதைத் தாழ்ந்த குரலில் சொல்ல அம்மா என்னை வளர்க்கவில்லை. எனக்கு இடம் கிடைத்த அன்று ஃபேக்டரி பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டு வந்த ஒரு மலாய்க்கார அக்காவை எழுப்பிச் சொன்னாராம். பட்டமளிப்பு நாளில் என் அங்கியைத் தாமே போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று, "நல்லாத்தான் இருக்கு லா, எனக்கும்" என்றார்.

முதலாண்டில் ஒரு விரிவுரையாளர், பல புத்தகங்களில் இருந்த ஒரு செய்தியைக் கொடுத்து, அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடச் சொன்னார். தேடிப் போனால் எல்லாப் புத்தகங்களும் ஒரே ஒரு பழைய கட்டுரையைக் கைகாட்டின. அந்தக் கட்டுரையில் அப்படி எழுதியிருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து வியப்போடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதுக்கா வருஷக்கணக்காப் படிக்கிறீங்க? எங்க சூப்பர்வைசர் ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துட்டான்."

இப்படிப்பட்ட அம்மாவை ஒரு செய்தி ஏமாற்றியது எப்படி என்றுதான் இந்த ஓராண்டும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரியில் பலகைகள் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வந்தன. கைப்பேசியில் வந்தவை தங்கையிடமிருந்தும் அண்ணனிடமிருந்தும் வந்தன. தங்கையின் சீட்டை யாரும் கவிழ்த்து வைப்பதில்லை.

அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பல ஆண்டுகளாக இருந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டவர் அல்லர். அம்மாவின் கடைசித் தைப்பூசத்தன்று, வழக்கம்போல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தார். தார்ச்சாலை கொதித்த நாள் அது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். எப்போது வந்தது என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். கொப்புளம் உடைந்து புண்ணானது. புண் ஆழமானது. ஒருநாள் குளித்துவிட்டு வந்த அம்மாவின் சுண்டுவிரல் ஓரத்தில் கருமை படர்ந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். மை பட்டதுபோல் இருந்தது. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். நம்மவர்தான்.

"ஒரு விரல்தான்மா. இப்ப எடுத்துட்டா காலு தப்பிச்சிரும்."

"விரலோட நிக்குமா?" என்று அம்மா கேட்டார்.

"பெரும்பாலும் நிக்கும். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது."

அம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்தில் அம்மாவின் சித்தப்பா ஒருவருக்கு முதலில் விரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று, பிறகு முழங்கால் போயிற்று. சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்தது. "வெட்ட ஆரம்பிச்சா நிக்காது" என்றார். அந்தப் பயத்தை நான் இன்றும் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் கோயிலில் ஒரு பெண்மணி அம்மாவிடம் ஓர் இலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எந்த இலை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா வீட்டுக்கு வந்து, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

"கோயில்ல ஒரு அம்மா சொன்னாங்க, இந்த இலைய அவிச்சு அரைச்சுக் கட்டுனா விரல எடுக்கத் தேவையில்லையாம். மண்சட்டியில அவிக்கணுமாம். எங்கிட்ட மண்சட்டி இல்ல, பழைய ரைஸ் குக்கர் பானையில அவிச்சா போதுமா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

கவனியுங்கள். அம்மா கேட்டது கேள்வி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கும்பிடும் கைகள் சில வந்தன, பூக்கள் வந்தன. அவ்வளவுதான். அம்மாவும் அதை விட்டுவிட்டார். விரலை எடுக்க ஒரு தேதி கேட்கலாம் என்று அப்பாவிடம் பேசத் தொடங்கியிருந்தார்.

சில வாரங்கள் கழித்துச் சித்தியிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "சித்தர்கள் அருளிய அரிய மருந்து" என்று தொடங்கியது. அதே இலை. விரல் எடுக்கத் தேவையில்லை, கால் எடுக்கத் தேவையில்லை, பலர் குணமடைந்துள்ளனர் என்று இருந்தது. மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பெரிய மாமாவின் மகன் அதையே அனுப்பினார். பிறகு கோயில் குழுவில் வந்தது. பிறகு ஃபேக்டரியில் அம்மாவோடு வேலை செய்தவர்களின் குழுவில் வந்தது.

"பாரு" என்று அம்மா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "சித்தி சொல்றா. சிங்கப்பூர்ல இருந்து உன் மச்சான் சொல்றான். கோயில்ல சொல்றாங்க. ஃபேக்டரி ஆளுங்க சொல்றாங்க. எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"

"அவங்க யாரும் சொல்லலம்மா. அனுப்புறாங்க."

"அனுப்புறது வேற, சொல்றது வேறயா? உன் படிப்பு உன்னோட இருக்கட்டும்."

"டாக்டர் சொன்னாருல்ல?"

"டாக்டரே நிச்சயமில்லன்னுதான் சொன்னாரு. இங்க பாரு, எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கு."

உண்மை பேசியவர் தயங்கிப் பேசினார். இலையைப் பற்றிய செய்தி எங்கும் தயங்கவில்லை. அம்மா தயங்காததை நம்பினார். நான் சத்தம் போட்டேன், அழுதேன், செபராங் ஜெயாவில் எனக்குத் தெரிந்த இன்னொரு கிளினிக்குக்காவது வரச் சொல்லிக் கெஞ்சினேன். பெரிய மாமா தொலைபேசியில் என்னை அழைத்து, "நீ புத்தகத்துல படிச்சது. இது பெரியவங்க அனுபவம். அம்மாவ மெரட்டாத, தாயி" என்றார். அப்பா, "அவ காலு. அவ சொல்றபடி விடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இலை கட்டப்பட்டது. பழைய ரைஸ் குக்கர் பானை அடுப்பில் ஏறியது.

முதலில் சில நாள் அம்மா வலியில் முனகினார். பிறகு ஒருநாள் காலையில் முகம் தெளிந்து எழுந்தார். வலி இல்லை என்றார். காலைத் தட்டிக் காட்டினார். அன்றைக்குத்தான் அம்மா அந்தக் குரல் பதிவைச் செய்தார். நீங்கள் எல்லோரும் கேட்டது. "நான்தான் பேசறேன். எல்லாரும் சொன்ன மாதிரி இலையக் கட்டுனேன். வலி சுத்தமாப் போயிருச்சு. விரல் வெட்டணும்னாங்க, இப்ப நான் வீட்டுக்குள்ள நடக்கறேன். பயப்படாதீங்க, கட்டுங்க." அம்மாவின் குரல் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் அதிகம் கேட்டதில்லை. இந்த முறை குழுவில் பூக்கள் மழையாகக் கொட்டின.

அதன்பின் வீட்டில் ஒரு வாடை வந்தது. அம்மா கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டார். சாம்பிராணி போட்டார். முதலில் வெள்ளிக்கிழமைகளில், பிறகு தினமும். அண்ணனின் சிறு மகள் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றாள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்க்க அம்மா எங்களை விடவில்லை. "காத்துப் படக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார். செய்தியில் அப்படித்தான் போட்டிருந்தது. பார்க்க விடாதே என்று சொல்லும் மருந்தை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. கட்டுக்கு மேலே, கணுக்காலில், தோல் பளபளவென்று இறுகிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் அம்மாவுக்கு உடல் உதறியது. பேச்சு குழறியது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் தம் கடை நாற்காலியோடு மேலே ஏறி வந்தார். அவரும் அண்ணனும் அம்மாவை அதில் உட்கார வைத்து, மாடி மாடியாகத் தூக்கி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். நான் பார்த்ததை எழுத மாட்டேன். அதே இளம் டாக்டர்தான் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வலியே இல்லன்னு சொன்னாங்க, டாக்டர். அதனாலதான் ஆறுதுன்னு நெனச்சாங்க" என்று அண்ணன் சொன்னார்.

"வலிச்சவரைக்கும் அங்க உயிர் இருந்துச்சு" என்றார் டாக்டர். "வலி நின்னது ஆறுனதுனால இல்ல. அந்த எடம் செத்துப் போனதுனால."

விரல் என்ற பேச்சு முடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. உடம்பு கொஞ்சம் தேறினால்தான் அறுக்க முடியும். தேறுமா என்று காத்திருந்தோம்.

வார்டுக்கு வெளியே காத்திருந்தபோது, அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று என்னிடம் கேட்டார்.

"ஏய், சித்தருக்கு ரைஸ் குக்கர் யாரு வாங்கிக் குடுத்தா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். "மண்சட்டி இல்லாதவர்கள் பழைய ரைஸ் குக்கர் பானையில் அவிக்கலாம்" என்று இருந்தது. சித்தி அனுப்பியதிலும் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்ததிலும் இருந்தது. கோயில் குழுவில், ஃபேக்டரி குழுவில், எல்லாவற்றிலும் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தேன். "இது உங்களுக்கு யாரு அனுப்புனா?" என்று மட்டும் கேட்டேன். ஃபேக்டரி அக்காவுக்குக் கோயில் குழுவிலிருந்து வந்தது. கோயில் குழுவில் போட்டது சித்தி. சித்திக்கு அனுப்பியது மச்சான். மச்சானுக்கு அனுப்பியது பெரிய மாமா. பெரிய மாமா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம குரூப்புல உங்கம்மா ஒரு வாய்ஸ் போட்டாள்ல, அதத்தான் சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம தம்பிக்கு எழுதி அனுப்புனேன். நல்ல வெசயம், நாலு பேருக்குப் போகட்டும்னு." கேள்வியை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. சித்தர்கள் என்ற சொல்லும், பலர் குணமடைந்தார்கள் என்ற சொல்லும் வழியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டன. யார் ஒட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலை அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அப்பா, "சொல்லு. அவளுக்குத் தெரியணும்" என்றார்.

சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சிக்கு யாரு அனுப்புனது?"

"மச்சான்."

"அவனுக்கு?"

"பெரிய மாமா."

"அண்ணனுக்கு?"

"நீங்கதான்மா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அப்ப எல்லாரும் மொத சீட்டத் திருப்பிப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க" என்றார் அம்மா. பிறகு, "அந்த மொத ஆளு நான். நானும் பாக்கல. கேக்கத்தான் செஞ்சேன்" என்றார்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். நான் பொத்தானை அழுத்தினேன். அதுதான் அம்மாவின் இரண்டாவது குரல் பதிவு.

"நான் முன்ன அனுப்புனது தப்பு. புண்ணு ஆறல. கேள்வி கேட்டது நான், பதில்னு திரும்பி வந்ததும் என்னோடதுதான். யாரும் கட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதையும் எல்லாருக்கும் அனுப்புங்க."

அனுப்பினோம். சித்தி கேட்டுவிட்டு அழுதார். மற்றவர்கள் "சீக்கிரம் குணமடைய வேண்டுகிறோம்" என்று எழுதினார்கள். ஒருவரும் அதை வேறு குழுவுக்கு அனுப்பவில்லை. "பாவம், ஜொரத்துல பேசுறா. இத அனுப்பிச்சா நோயாளிங்க மனசு ஒடஞ்சிரும்" என்று பெரிய மாமா சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் யாருமே எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்குப் பயம் தருவது அதுதான்.

அம்மாவின் உடம்பு தேறவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, ஒரு விடியற்காலையில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது அம்மா எங்களை விட்டுப் போனார். ஃபேக்டரி பஸ் வரும் நேரம் அது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்த நினைவு நாளுக்கு உறவுக்காரர்களை அழைக்கப் தீவைத் தாண்டிப் பெருநிலத்துப் பக்கம் போயிருந்தேன். ஓர் அத்தை வீட்டுக்குப் போனேன். எந்த அத்தை என்று எழுத மாட்டேன். நமக்கு அத்தைகள் நிறைய உண்டு. வெயில் கொளுத்தும் அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு காலில் மட்டும் காலுறை போட்டிருந்தார். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாத. உங்கம்மா சொன்ன மருந்துதான். இங்க பாரு."

கைப்பேசியைத் தட்டினார். முதலில் ஓர் ஆண் குரல் பேசியது. எனக்குத் தெரியாத குரல். "பினாங்கைச் சேர்ந்த ஒரு தாயின் உண்மை அனுபவம் இது. விரலை எடுக்கச் சொன்ன மருத்துவர்களே வியந்து போனார்கள். இந்தத் தாய் இன்றும் ஆண்டுதோறும் தண்ணீர்மலைக்கு நடந்து போகிறார்." அதன்பின் அம்மா பேசினார். வலி சுத்தமாப் போயிருச்சு. பயப்படாதீங்க, கட்டுங்க.

அம்மா இறந்து ஓராண்டு ஆகப் போகிறது. அந்த வீட்டின் வரவேற்பறையில் நின்று அம்மா மகிழ்ச்சியாகப் பேசுவதை நான் கேட்டேன்.

"அத்தை, அம்மா இதுலதானே செத்தாங்க?"

"அது உங்கம்மாவுக்கு நேரம் சரியில்ல. மருந்த ஏன் கொற சொல்ற?"

"இத யாரு அனுப்புனா உங்களுக்கு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவளுக்கு இது யாரு குரலுன்னே தெரியாது. நான்தான் சொன்னேன், இது எங்க அண்ணி முறைன்னு. அவளுக்கு ஒரே ஆச்சரியம். நம்பிக்கை இன்னும் கூடிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராத்திரியெல்லாம் போட்டுக் கேப்பேன். உங்கம்மா குரலக் கேட்டா ஒரு தைரியம்."

இரண்டாவது பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். அது அம்மா குரல் மாதிரி இல்லையாம். இப்போதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் கணினியில் செய்துவிடுகிறார்களாம், அவருக்கும் தெரியுமாம். எதையும் எளிதில் நம்பக் கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார். காலுறையைக் கழற்றிக் காட்ட மறுத்துவிட்டார். அங்கிருந்து கிளம்பும்போது சாம்பிராணி வாடை என் உடையில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து, இதை மலரில் எழுதப் போகிறேன் என்றேன். பெரிய மாமா ஒப்பவில்லை. "செத்தவங்க மலர்ல இதெல்லாமா போடுவாங்க? நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றார். அப்பா அதிகம் பேசாதவர். அப்பாவுக்குத் தம் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. அவர் சொன்னார்: "மச்சான், அவ குரலு அவ பேச்சக் கேக்காம சுத்திக்கிட்டு இருக்கு. எம்பொண்ணு ஒருத்திதான் எழுதத் தெரிஞ்சவ. எழுதட்டும்." பெரிய மாமா வெகுநேரம் கழித்து, "அப்ப நான் அனுப்புனதையும் எழுது. மறைக்காத" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

எல்லோரையும் சந்தேகப்படுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அத்தை என்னைச் சந்தேகப்பட்டார், அம்மாவின் உண்மையான வார்த்தையைச் சந்தேகப்பட்டார். அதனால் அவருடைய கால் தப்பிவிடாது. ஒரு செய்தி வந்தால், இதை இவர் கண்ணால் பார்த்தாரா, இல்லை வந்ததை அனுப்புகிறாரா என்று கேளுங்கள். பார்த்தவரைத் தேடிப் போங்கள். நான்கு இடத்திலிருந்து வந்தால் நான்கும் ஒரே வாயிலிருந்து கிளம்பினவையா என்று பாருங்கள். அந்த வாய்க்கு இப்போது என்ன ஆயிற்று என்றும் விசாரியுங்கள். சித்தி இப்போதெல்லாம் எதை அனுப்பினாலும் அடியில் "நான் பாக்கல" என்று எழுதிவிடுகிறார். பாதிச் செய்திகளை அப்படி எழுத வெட்கப்பட்டே அனுப்பாமல் விட்டுவிடுகிறாராம்.

அம்மாவைத் தூக்கி இறக்கிய பாய்க்கும், வார்டில் அம்மாவின் தலையைச் சீவிப் பொட்டு வைத்துவிட்ட மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸிக்கும், உண்மையைத் தயங்கித் தயங்கியாவது சொன்ன அந்த இளம் டாக்டருக்கும், இறுதிச் சடங்கன்று ஃபேக்டரி விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் நிறைய வந்து நின்ற அம்மாவின் தோழிகளுக்கும், அன்னமிட்ட, தோள் கொடுத்த, தொலைவிலிருந்து வந்த உறவுகள் அனைவருக்கும் அப்பா, அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் கைகூப்புகிறோம். அம்மாவின் இரண்டாவது குரல் பதிவை இன்று மாலை மறுபடியும் குழுவில் போடுகிறேன். வாழ்நாளில் அம்மா உங்களிடம் கேட்டு வாங்கியது குறைவு. இதை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

இனி அத்தைக்கு. இந்த மலர் இப்போது உங்கள் கையிலும் இருக்கிறது. நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். மற்றவர்களும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பந்தி முடிந்ததும் அண்ணன் காரை மண்டபத்தின் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார். டாக்டரிடம் ஏற்கெனவே பேசிவிட்டோம். உங்களைத் தவிர இந்த மண்டபத்தில் காலுறைக்குள் எதையோ மறைத்து வைத்திருப்பவர் வேறு யாராவது இருந்தால், அவருக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வருவதாக என்னிடம் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா முன் இருக்கையில் இருப்பார். நீங்கள் வந்து ஏறும்வரை நாங்கள் அங்கிருந்து நகரப்போவதில்லை.